கம்பம் ஏற வேண்டியதில்லை

வேலூர் ஜெயில்,
18-2-2024

அன்பு சோபனாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீயும் சௌமியாவும் வேளைக்குச் சாப்பிடுறீங்களா? இதைத்தான் மொதல்ல கேக்கணும்னு பேப்பர் கைக்கு வர்றதுக்கு முந்தியே நெனைச்சு வெச்சிருந்தேன்.

வந்து பதிமூணு நாள் ஆவுது. என்னை ஷூ தைக்கிற செக்‌ஷன்ல போட்டிருக்காங்க. ஆம்பூர் பக்கம்னு சொன்னதும், 'அப்ப உனக்குத் தோல் வேலை தெரியும்'னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. பத்தொம்பது வருஷமா கேபிள் டிவி லைன் இழுத்தவன் சார், ஊசி புடிச்சதே இல்லன்னேன். சிரிச்சாங்க. சோல் ஒட்டுற பசை வாசனை வந்தா பைபாஸ்ல நம்ம ஊர் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே இருக்கு.

நீ மனு போட்டு என்னைப் பாக்க வர வேணாம். சௌமியாவையும் கூட்டிக்கிட்டு வராதே. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அவ அப்பாவைப் பாக்கக் கூடாது. ஃபோன் பேச விடுறாங்க. ஆனா பின்னாடி பத்துப் பேர் நிக்கிறப்ப உன் குரலைக் கேட்டா எனக்குப் பேச்சு வராது. லெட்டரே போடு. ஒரு வருஷம்தானே.

லைன் எப்டி இருக்கு? ஸ்கூல் பக்கத்துல இருக்கிற ஆம்ப்ளிஃபயர் வெயில் ஏறினா சூடாயி நின்னுடும். மேல தகரம் போடச் சொல்லு. படம் வரலைன்னு யாராவது ஃபோன் பண்ணா நீ எடுக்காதே.

இன்னொண்ணு. இங்க வர்ற லெட்டரை எல்லாம் ஆபீஸ்ல படிச்சிட்டுத்தான் எங்கிட்ட குடுப்பாங்க. நம்மகிட்ட லைன் வேலை பாத்த தன்சீல் நம்ம கம்பத்துல கரண்ட் அடிச்சு செத்துப்போன அந்த நாளைப் பத்தி ஒரு வரி எழுதாதே. 'மழையில அவனை ஏறச் சொன்னது நான்தான்'னு கோர்ட்ல சொல்லிட்டேன். அதோட அது முடிஞ்சுது.

சௌமியா தலையைத் தடவிக் குடு.

புகழேந்தி


மின்னூர்,
6-3-2024

மாமாவுக்கு சோபனா எழுதறது.

நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். உங்களுக்கு வெயில்னா தலைவலி வருமே, அங்க ஃபேன் இருக்கா? குடிக்கத் தண்ணி சூடு பண்ணித் தர்றாங்களா?

சௌமியா கணக்குல எண்பத்தி ரெண்டு வாங்கியிருக்கா. பேப்பர்ல அப்பா கையெழுத்து கேட்டாங்களாம். நான் போட்டேன். என் கையெழுத்தை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. உங்க லெட்டரை அவளே எனக்குப் படிச்சுக் காட்டறேன்னு அடம் புடிச்சா. கடைசியில இருக்கிற வரிகளை மட்டும் நான் மறைச்சுக்கிட்டேன்.

லைன் இருக்கு. அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க.

நான் ஆம்பூருக்கு ஒரு வேலைக்குப் போயிட்டு வர்றேன். காலையில பஸ், சாயங்காலம் சௌமியா டியூஷன் விட்டு வர்றதுக்குள்ள வீட்டுக்கு வந்துடறேன். கஷ்டமான வேலை இல்ல.

நேத்து உங்க நீலச் சட்டையைத் தொவைச்சேன். அழுக்கு ஒண்ணும் இல்ல, சும்மாதான் எடுத்துத் தொவைச்சேன். காயறப்ப தெருவுல இருந்து பாத்தா நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. உடனே எடுத்து உள்ள வெச்சிட்டேன்.

நேரத்துக்குத் தூங்குங்க. யார்கூடயும் வாய் குடுக்காதீங்க.

உங்க சோபனா


வேலூர் ஜெயில்,
27-3-2024

சோபனா,

நான் நல்லா இருக்கேன். ஃபேன் இருக்கு, சத்தம்தான் ஜாஸ்தி. சௌமியா மார்க்கை இங்க நாலு பேர்கிட்ட சொன்னேன்.

போன வாரம் மாதனூர் பக்கத்து ஆள் ஒருத்தன் உள்ள வந்தான். அடிதடி கேஸ். பேச்சுவாக்குல, 'மின்னூர் கேபிளா? அது இப்ப வேற ஆள் நடத்தறான்ணே, ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்'னான். நம்ம பேரு போட்ட போர்டைக் கூட எறக்கிட்டாங்களாம்.

லைன் இருக்குன்னு எழுதினியே. இருக்குது, யாருகிட்ட இருக்குதுன்னு எழுதல.

என்ன வேலைக்குப் போறே? ஷூ கம்பெனியா? தோல் தூசு உனக்கு ஆவாது, உங்க அண்ணிக்கு வந்த மாதிரி இருமல் புடிச்சுக்கும். எதுவா இருந்தாலும் நேரா எழுது. இங்க உக்காந்துக்கிட்டு நீ எழுதாததை எல்லாம் நானே எழுதிப் படிச்சுக்கிட்டு இருக்கேன். அது ரொம்ப பேஜாரா இருக்கு.

புகழேந்தி


மின்னூர்,
15-4-2024

மாமாவுக்கு,

புது வருசம் நேத்து. பச்சடி பண்ணல, மாங்கா கூட வாங்கல. சௌமியாவுக்குக் கோயில்ல சர்க்கரைப் பொங்கல் குடுத்தாங்க, உங்க பங்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சிட்டு அப்புறம் அவளே சாப்ட்டா. ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

நேரா எழுதறேன். நீங்க போன அடுத்த வாரமே லைனை மாதனூர்ல இருக்கிற ஒரு கேபிள்காரருக்குக் குடுத்துட்டேன். உங்ககிட்ட கேட்டா வேணாம்னுவீங்க. இன்னொரு மழைக்காலத்துக்கு அந்த லைனை வெச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது. படம் போச்சுன்னா யாரையாவது கம்பத்துல ஏத்தணும். எந்த வாயால நான் சொல்லுவேன்?

என் வேலை ஃப்ரீ டிஷ் பிரச்சாரம். வேலூர்ல ஆபித் பாஷான்னு ஒரு டிஷ் டீலர், தங்கமானவர், வயசானவர். கவர்மென்ட்டு விடற இலவசச் சேனலுங்களை எல்லாம் ஜனங்க சொந்த டிஷ்ல பாக்கலாம், அது நெறைய பேருக்குத் தெரியலன்னு அதைச் சொல்றதுக்கே ஒரு வண்டி வெச்சிருக்கார். வண்டி பின்னாடி ஒரு டிவி, ஒரு மைக். சந்தையில நிறுத்திட்டு நான் பேசணும்.

மொத நாள் மைக்கைப் புடிச்சேன். "அம்மா, அக்கா, ஒரு தடவை டிஷ் மாட்டினா போதும், மாசாமாசம் யார் வீட்டு வாசல்லயும் நிக்க வேணாம்"னு எழுதிக் குடுத்திருந்தாங்க. அதைப் படிச்சேன். அப்புறம் எழுதாத ஒண்ணு தானா வாயில வந்துச்சு. "கம்பம் இல்ல, தெருவுல கம்பி இல்ல, யாரும் கம்பம் ஏற வேண்டியதில்ல. உங்க வீட்டு மாடி, உங்க டிஷ்." டிரைவர் திரும்பிப் பாத்தார். அதுக்கப்புறம் தெனமும் அதையேதான் சொல்றேன்.

கத்திரிக்கா வித்துக்கிட்டு இருந்த அம்மா ஒண்ணு, "இதுல ஏழு மணி சீரியல் வருமா கண்ணு?"ன்னு கேட்டுச்சு. எல்லாச் சேனலும் வராதும்மா, தமிழ்ல கொஞ்சம் கம்மிதான்னு உண்மையைச் சொல்லணும். வண்டிக்குள்ள போய் தண்ணி குடிச்சிட்டு வந்துதான் சொன்னேன்.

திட்டணும்னா திட்டுங்க. ஆனா பதில் போடுங்க.

சோபனா


வேலூர் ஜெயில்,
19-5-2024

சோபனாவுக்கு,

உடம்பு பரவாயில்ல. வெயில் தாங்கல. நீ வண்டியில போறப்ப தலையில முந்தானையைப் போட்டுக்க, பாட்டில்ல தண்ணி எடுத்துக்க.

ஒரு மாசம் பதில் போடல. போட்டிருந்தா கெட்டதா எழுதியிருப்பேன். மின்னூர்ல மொத கேபிள் நான் இழுத்தப்ப நமக்குக் கல்யாணம் கூட ஆவல. விண்ணமங்கலம் வரைக்கும் ஒவ்வொரு வீட்டு ஓட்டுலயும் என் கால் பட்டிருக்கு. அதைக் குடுத்தது கூட சரி. அதை இல்லாம ஆக்கற வேலைக்கே போயிட்டியே, மைக் வெச்சு. எனக்கு அது ரெண்டு வாரம் தூக்கத்தைக் கெடுத்துடுச்சு.

அப்புறம் இங்க ஒண்ணு நடந்துச்சு. எங்க பிளாக்குல ஒரு டிவி இருக்கு. சாயங்காலம் கொஞ்ச நேரம் போடுவாங்க. போன திங்கள்ல இருந்து படம் இல்ல, வெறும் நீலம். ஆளுங்க ஒருத்தனுக்கொருத்தன் சண்டைக்கே வந்துட்டாங்க. வார்டர் என்னைக் கூப்ட்டு, "நீ கேபிள்காரன்தானே, வந்து பாருப்பா"ன்னார். மாடிக்குப் போனேன். மூணு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் ஒசரத்துல நின்னேன். பாத்தா, கேபிளே இல்ல. டிஷ். நீ விக்கறியே, அதேதான். காத்துல திரும்பியிருக்கு.

எனக்கு அதைத் திருப்பத் தெரியல. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. 'நாளைக்குப் பாக்கறேன் சார்'னு சொல்லிட்டு எறங்கிட்டேன். எப்டித் திருப்பணும்? உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்களே, எழுது.

புகழேந்தி


மின்னூர்,
30-5-2024

மாமாவுக்கு,

உங்க லெட்டர் வந்ததும் அடுப்பை அணைச்சிட்டு உக்காந்து படிச்சேன். நீங்க எங்கிட்ட ஒண்ணு சொல்லிக் குடுன்னு கேட்டு எழுதினது இதுதான் மொதத் தடவை. நாங்க நல்லாயிருக்கோம், நீங்க எப்டி இருக்கீங்கன்னு இனிமே கேக்க மாட்டேன், அதைத்தான் லெட்டர் பூரா கேக்கறேன்.

டிஷ் அக்னி மூலையைப் பாக்கணும். வீடு கட்டறப்ப சமையல்கட்டு எங்க வைப்போமோ, அந்தப் பக்கம். நல்லா மேல தூக்கி, வானத்துல முக்கால் ஒசரத்தைப் பாக்கற மாதிரி. எதிர்ல மரமோ சுவரோ இருக்கக் கூடாது. மாடியில நீங்க மெதுவா நகத்துங்க, நூல் அளவு. கீழ ஒருத்தர் டிவியில சிக்னல் கோட்டைப் பாத்துக் கத்தணும். கோடு ஏறுச்சுன்னா நிறுத்திடுங்க. உங்களுக்கு அவசரம் ஜாஸ்தி, சட்டுனு முறுக்கிடுவீங்க. முறுக்காதீங்க.

போன வாரம் பாக்ஸ் எடுக்க வேலூர் வந்தேன். திரும்பி வர்றப்ப டவுன் பஸ் தொரப்பாடி ஜெயில் வழியா போச்சு. இறங்கிட்டேன். உங்க பேச்சை மீறல, மனு போடல. எதிர்ல நிழல்ல நின்னு சுவரையே பாத்துக்கிட்டு இருந்தேன். எந்த மாடின்னு தெரியல. மூணு பஸ்ஸை விட்டேன்.

இப்ப எங்கூட ஒரு அம்மா வேலை செய்யுது. ஆம்பூர் உள்ளத் தெருவுல எல்லாம் வீட்டுக்குள்ள போய் பொம்பளைங்ககிட்ட பேசணும்னா உருது வேணும். இந்தம்மா பேசினா கதவு தொறக்குது. ஸ்பேனர் நல்லா புடிக்குது. ரொம்பப் பேசாது.

படம் வந்துச்சான்னு எழுதுங்க.

சோபனா


வேலூர் ஜெயில்,
21-6-2024

அன்பு சோபனாவுக்கு,

வந்துடுச்சு!

நீ சொன்ன மாதிரியே நூல் நூலா நகத்தினேன். கீழ இருந்து கத்தறாங்க, "வருது, வருது, போயிட்டுது, ஆங்!"னு. கடைசியில கை தட்டினாங்க. யாரோ ஒரு விவசாயி நெல்லுல பூச்சி வந்ததைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கான், நூத்தி இருபது பேர் வாயைத் தொறந்துக்கிட்டுப் பாக்கறாங்க. "யாருப்பா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"ன்னு வார்டர் கேட்டார். என் பொண்டாட்டி சார்னேன். சொன்னப்ப எனக்கு நெஞ்சு நெறைஞ்சிடுச்சு.

அந்த மாடியில நிக்கறப்ப ரோடு தெரியும். நீ நின்ன அன்னிக்கு நான் மேல இருந்திருக்கக் கூடாதான்னு நெனைச்சு நெனைச்சு வயிறு எரியுது. இனிமே நிக்காதே. நின்னா, என்ன கலர் புடவைன்னு முன்னாடியே எழுது.

உடம்பு நல்லா இருக்கு. சௌமியா ஒன்பதாவது போயிட்டாளே, சைக்கிள் சீட்டை ஏத்திக் குடுத்தியா?

ஒண்ணு கேக்கறேன். உங்கூட வேலை செய்யற அம்மா பேரை நீ எழுதல. ஆம்பூர், உருது, ரொம்பப் பேசாது. நான் நெனைக்கிற பேரா அது? அதுவா இருந்தா அவகூட எது வேணா பேசு. அதை மட்டும் பேசாதே. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். நான் இங்க உக்காந்திருக்கறதுக்கு ஒரு அர்த்தம் வேணும்.

புகழேந்தி


மின்னூர்,
13-10-2024

மாமாவுக்கு,

நீங்க நாலு லெட்டர் போட்டிருக்கீங்க. பத்திரமா இருக்கு. நாங்க உசுரோட நல்லாத்தான் இருக்கோம், சௌமியாவுக்கு ஆடியில ஜுரம் வந்து போச்சு. பதில் எழுதி எழுதிக் கிழிச்சேன். கோச்சுக்காதீங்க.

ஆமா. ஹுமேராதான். தன்சீல் பாய் வீட்டம்மா.

ஆபித் பாய், 'உருது பேசற பொம்பளை ஆள் யாராவது தெரியுமா'ன்னு கேட்டப்ப என் வாய் அவ பேரைத்தான் சொல்லிச்சு. அவ வீட்டுக்கு நானே போனேன். கோர்ட்டுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவ மொகத்தைப் பாத்தேன். ஷூ கம்பெனியில மேல்தோல் தைச்சுத் தைச்சு முதுகு போயிட்டிருக்கு. "இன்னாக்கா?"ன்னா. வேலை இருக்கு, வர்றியான்னேன். "எப்ப வரணும்?"னு கேட்டா. அவ்ளோதான்.

அப்புறம் தெனமும் ஒரே வண்டி. டிபனை ஒரே மூடியில வெச்சுத் தின்னோம். அவ டிஷ்ஷைப் புடிப்பா, நான் போல்ட்டு முடுக்குவேன். அவ பேசாம இருக்கற ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு முள்ளுமேல நிக்கற மாதிரி இருக்கும்.

போன மாசம் நாயக்கனேரி மலைக்குப் போனோம். அங்க கேபிள் எந்தக் காலத்துலயும் ஏறினதில்ல. ஸ்கூல் மொட்டைமாடியில ஒண்ணு மாட்டினோம். படம் வந்ததும் ஜனங்க கத்தினாங்க பாருங்க, ஒரு கெழவர் டிவியைச் சுத்திப் பின்னாடி போய் வயர் எங்க வருதுன்னு தேடினார். எல்லாரும் சிரிச்சாங்க. ஹுமேராவும் சிரிச்சா. மூணு வருஷத்துல அவ சிரிச்சு நான் பாக்கல. கீழ எறங்க ஜீப்புக்குப் பாறைமேல உக்காந்திருந்தோம். அவ இன்னும் சிரிச்ச மொகமாவே இருந்தா. என்னால முடியல மாமா. சொல்லிட்டேன்.

அவ எந்திரிச்சா. ஸ்பேனர் பையைக் கட்டினா. ஜீப்புல முன்னாடி சீட்டுல போய் உக்காந்துக்கிட்டா. மறுநாள் வேலைக்கு வர மாட்டான்னு நெனைச்சேன். எப்பவும் போல ஒம்போது மணிக்கு வந்து நின்னா. அன்னியில இருந்து டிபனை மட்டும் தனியா சாப்பிடறா.

நீங்க கும்பிட்டுக் கேட்டதை நான் மீறிட்டேன்.

சோபனா


மின்னூர்,
20-11-2024

மாமாவுக்கு,

பதில் இல்ல. மழை புடிச்சிருக்கு. உங்களுக்குச் சளி இருக்கும், மிளகு கேட்டு வாங்கிக்குங்க. நாலு மாசம் நான் எழுதாம இருந்தப்ப நீங்க எப்டி இருந்தீங்கன்னு இப்பத்தான் தெரியுது.

நேத்தும் தொரப்பாடியில இறங்கினேன். பச்சைப் புடவை. முன்னாடியே எழுத முடியல.

ஒரே ஒரு வரி போடுங்க. திட்டியாவது போடுங்க.

சோபனா


ஆம்பூர்,
5-12-2024

புகழ் அண்ணனுக்கு ஹுமேராவோட சலாம்.

உங்க உடம்பு சுகமா இருக்கணும்னு துவா செய்யறேன். இது சும்மா எழுதறது இல்ல. தமிழ் ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் படிச்சேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. சோபனாக்காவுக்குத் தெரியாம அட்ரஸ் எடுத்தேன். இதை யார் படிச்சாலும் படிக்கட்டும், நான் எந்தக் கேசும் போடப் போறதில்ல.

அக்கா மலையில எங்கிட்ட சொன்னது எனக்குப் புதுசு இல்ல. அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அவரு கம்பத்துக்குக் கீழ இருந்து எனக்கு ஃபோன் பண்ணார். "மழை விட்டிருக்கு. அண்ணே ஊர்ல இல்ல. ஜனங்க ஃபோன் மேல ஃபோன் போடறாங்களாம், சோபனாக்கா ஏறிப் பாக்கச் சொல்றாங்க. ஏழு மணி சீரியலுக்குள்ள படம் வந்துடணும். முடிச்சிட்டு வர்றேன், டீ போட்டு வை"ன்னார். நான் டீ போட்டு வெச்சேன். அதான் அவரு எங்கிட்ட கடைசியா பேசினது.

கோர்ட்ல நீங்க நின்னு, 'நான்தான் ஏறச் சொன்னேன்'னு சொன்னீங்க. உங்க வீட்டம்மாவைக் காப்பாத்தினீங்க. நல்லது. ஆனா அவரு கடைசியா சொன்னதை நீங்க பொய்யாக்கிட்டீங்க, அண்ணே. அது உங்களுக்குத் தோணவே இல்லயா? நான் எந்திரிச்சுச் சொல்லியிருப்பேன். உங்க பொண்ணு வெளி பெஞ்சுல யூனிஃபார்மோட உக்காந்திருந்துச்சு. அதைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் உங்க வீட்ல இருந்து யாராவது வந்து எங்கிட்ட உண்மையைச் சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். வேற எதுவும் வேணாம். அக்கா வேலைக்குக் கூப்ட்டப்ப அதுக்காகத்தான் போனேன். இன்னிக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு நாலு மாசம் பக்கத்துல உக்காந்திருந்தேன். சொன்ன அன்னிக்கு எனக்குக் கோவமும் வந்துச்சு, நெஞ்சுல இருந்து ஒரு கல்லு எறங்கின மாதிரியும் இருந்துச்சு.

மன்னிச்சியான்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல. ஆனா அக்கா தெனம் மைக்ல, "யாரும் கம்பம் ஏற வேண்டியதில்ல"ன்னு சொல்றப்ப அவங்க குரல் அந்த எடத்துல ஒடையும். சந்தையில யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அது அவருக்காகச் சொல்றது. அதனாலதான் வேலையை விடல.

நீங்க அவங்களுக்கு லெட்டர் போடறதில்லன்னு தெரியுது. ஒரு மாசமா போல்ட்டை மாத்தி மாத்திப் போடறாங்க. ஒருத்தர் குரல் வராதான்னு காத்திருக்கறது எப்டின்னு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பேச முடியாது. உங்களால முடியும். எழுதுங்க.

ஹுமேரா


வேலூர் ஜெயில்,
16-12-2024

அன்பு சோபனாவுக்கு,

நான் நல்லா இருக்கேன்னு எழுதிட்டுப் போயிடலாம். நல்லா இல்ல. சளி இல்ல, ஜுரம் இல்ல, வேற.

ஹுமேரா எனக்கு லெட்டர் போட்டிருக்கா. அவளுக்கு மொதல்லயே தெரியும், சோபனா. தன்சீல் அன்னிக்கே அவகிட்ட ஃபோன்ல சொல்லிட்டானாம். கோர்ட்ல நான் சொன்னது பொய்யின்னு தெரிஞ்சே அவ உக்காந்திருந்திருக்கா. அந்த லெட்டரை நாலு நாள் திருப்பித் திருப்பிப் படிச்சேன்.

நீ அவகிட்ட சொல்லிட்டேன்னு எழுதினப்ப எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. உனக்காக உள்ள இருக்கேன், அவளுக்காக இருக்கேன், குடும்பத்துக்காக இருக்கேன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு நாளையும் தள்ளினேன். நீ அதைப் பறிச்சிட்ட மாதிரி இருந்துச்சு. அதான் எழுதல.

இப்ப உண்மையை எழுதறேன். நீ வாயால 'ஏறுங்க பாய்'னே. ஆனா கரண்ட் கம்பிக்கு ஒரு முழத்துல என் லைனைக் கட்டினது நான். கையுறை கேட்டான், அடுத்த மாசம்னேன். பெல்ட் கேட்டான், சிரிச்சேன். அன்னிக்கு நான் ஊர்ல இருந்திருந்தா நானும் ஏறத்தான் சொல்லியிருப்பேன். உன்னைக் காப்பாத்தறதா சொல்லிக்கிட்டு இதை எல்லாம் நெனைக்காம நான் தப்பிச்சுக்கிட்டு இருந்தேன். ஜட்ஜு எனக்குக் குடுத்தது எனக்கான தண்டனைதான். உன்னுது இல்ல.

ஹுமேராவுக்கும் இதையே எழுதிப் போட்டுட்டேன். தன்சீல் சொன்னதுதான் உண்மைன்னு மொத வரியில எழுதினேன்.

நன்னடத்தைக்கு நாள் கழிச்சு ஜனவரி எட்டாம் தேதியே விடறாங்க. புதன்கிழமை, காலையில. வராதேன்னு உன்கிட்ட எவ்ளோ தடவை சொல்லியிருப்பேன். இப்ப சொல்றேன், வா. சௌமியாவையும் கூட்டிக்கிட்டு வா. அவ ஒசரம் எவ்ளோன்னு எனக்குத் தெரியாது.

மொதல்ல ஆம்பூர்ல இறங்கி ஹுமேரா வீட்டுக்குப் போவணும்னு இருக்கு. போலாமா? நீயே சொல்லு.

புகழேந்தி


மின்னூர்,
30-12-2024

என் மாமாவுக்கு,

உங்க லெட்டரை சௌமியாதான் எனக்குப் படிச்சுக் காட்டினா. இந்தத் தடவை எந்த வரியையும் மறைக்கல. படிச்சு முடிச்சிட்டு என் மடியில படுத்துக்கிட்டா. இத்தனை பெரிய பொண்ணு. அப்புறம் எந்திரிச்சு அவளே ரெண்டு பேருக்கும் தோசை சுட்டா.

ஹுமேராகிட்ட கேட்டேன். எட்டாம் தேதி அவ வேலைக்குப் போறாளாம், மலையில இன்னும் ஆறு வீடு பாக்கி. "அன்னிக்கு வர வேணாம்க்கா. ஒரு வாரம் போகட்டும். அப்புறம் அண்ணன் மட்டும் வரட்டும், வாசல்ல நின்னு பேசட்டும். உள்ள கூப்பிடுவனான்னு இப்ப சொல்ல முடியாது"ன்னா. அப்டியே எழுதறேன், ஒரு வார்த்தை கூட்டல, கொறைக்கல. நேத்து டிபனைத் தொறந்தப்ப பக்கத்துல வந்து உக்காந்தா. என் மூடியில கொஞ்சம் சோறு வெச்சா.

ஆபித் பாய்க்கு ஆள் வேணுமாம். உங்களைப் பத்திச் சொன்னேன். நீங்க வந்து யோசிச்சுச் சொல்லுங்க. ஹுமேரா சரின்னாத்தான் அதுவும். அவ வேணாம்னா வேற பொழப்பு பாத்துக்கலாம்.

எட்டாம் தேதி விடியக் கெளம்பிடுவோம். கேட்டுக்கு எதிர்ல நிக்கறோம். என்ன பேசறதுன்னு பதினோரு மாசமா சேத்து வெச்சிருந்தேன், இப்ப ஒண்ணும் ஞாபகம் வரல. நீங்களும் எதுவும் பேச வேணாம். பஸ்ல ஜன்னலோரம் நீங்க உக்காருங்க, சௌமியா நடுவுல. பாலாறு, பள்ளிகொண்டா, மாதனூர் எல்லாம் பாத்துக்கிட்டே வாங்க. நான் உங்களைப் பாத்துக்கிட்டு வர்றேன்.

சோபனா